பதினேழாவது துண்டு

பில்கிஸின் மேசையில்தான் தோல் மிக அதிகமாக வீணாகிறது என்று கணினி காட்டியதை அச்சிட்டு, அடியில் கையெழுத்தும் இட்டு, மேலாளர் அரங்கநாதனிடம் கொடுத்தவள் தேவிகா. ஆம்பூரை அடுத்த அந்தக் காலணித் தொழிற்சாலையில், வெட்டிய துண்டுகளின் பரப்பைக் கூட்டும் நிரலை எழுதியவளும் அவளே. இருபத்திரண்டு ஆண்டுகள் தோல் வெட்டிய கைகளைத் திங்கட்கிழமை முதல் பசை பூசும் பிரிவுக்குத் தள்ள அந்த ஒரு தாள் போதுமானதாக இருந்தது.

பில்கிஸ் அழவில்லை. சனிக்கிழமை காலை கணினி அறைக்கு வந்து, வெட்டி மிஞ்சிய தோலைத் தரையில் விரித்து, துண்டுகளை ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் பொருத்தினாள்.

"எங்க வீணாச்சு? நீயே காட்டும்மா."

தேவிகா எண்ணினாள். பதினேழு. திரையில் இருந்த கூட்டுத்தொகையோ பதினாறு துண்டுகளுக்கானது. தன் நிரலை வரிவரியாகச் சோதித்தாள். பிழை அங்கே இல்லை. அவள் எழுதியதை இயந்திரத்துக்குரியதாக மாற்றும் கம்பைலரில் இருந்தது. சென்ற மாதம் வந்த புதிய பதிப்பு, வேகத்துக்காக எண்களை இரண்டிரண்டாகக் கூட்டியது. துணையின்றி எஞ்சிய கடைசி எண்ணைக் கைவிட்டது. மற்ற மேசைகளில் துண்டுகள் இரட்டைப்படை. பில்கிஸின் மேசையில் மட்டும் ஒற்றைப்படை; அதனால் அவளுடைய கடைசித் துண்டு வீணான தோலாகக் கணக்கில் ஏறியது. ஒரு பெண்ணின் உழைப்பை எண்ண மறந்த கணக்குக்கு, எண்ணியும் பாராமல் கையெழுத்திட்டவள் யார்?

தேவிகா போய்ச் சொன்னதும் அரங்கநாதன் சிரித்தார். "உலகமே யூஸ் பண்ற கம்பைலர் தப்பு, மாதனூர்ல கம்பெனி பஸ் ஏறி வர்ற நீ கரெக்டா? இன்னாம்மா தமாஷ் பண்றியா?"

"அதோட சோர்ஸ் எல்லாருக்கும் தெறந்துதான் சார் கெடக்குது. யார் வேணா படிக்கலாம், திருத்தலாம்."

"அத எழுதுனவங்களே தப்புன்னு சொல்லட்டும். அப்புறம் பாக்கலாம்."

அதை எழுதியவர்கள் எங்கெங்கோ இருந்தனர். தேவிகா தன் நானூறு வரி நிரலை அப்படியே அவர்களுக்கு அனுப்பப் போனபோது, பில்கிஸ் குறுக்கிட்டாள்.

"தோலுல முள்ளு கீறல் இருந்தா, வெட்டறதுக்கு முன்னாடியே வெள்ளிப் பேனாவுல வட்டம் போட்ருவோம். இல்லாட்டி பழி நம்ம தலைல. முழுத் தோலையும் காட்னா எவன் பாப்பான்? கீறலக் காட்டு."

நானூறு வரிகள் ஐந்தாகச் சுருங்கின. ஒன்று, இரண்டு, மூன்று ஆகியவற்றைக் கூட்டச் சொல்லும் ஐந்து வரிகள். விடை ஆறு வர வேண்டும், மூன்று வந்தது. எவரும் மறுக்க முடியாத அந்தக் கீறலை இணையத்தில் பொதுவில் வைத்தாள். பதிலுக்காகக் கைகட்டி நிற்கவும் அவள் விரும்பவில்லை. கம்பைலரின் மூல நிரலைத் திறந்து, எஞ்சியதையும் சேர்க்கும் ஒரு வரியை எழுதி, அதையே புதிதாகக் கட்டமைக்கத் தொடங்கினாள்.

பிற்பகல் சங்கு ஊதியது. அரங்கநாதன் அவள் கையெழுத்திட்ட தாளுடன் வாசலில் வந்து நின்றார். திரையில் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. பழைய கணினியின் விசிறி இரைந்தது.

"முடிஞ்சுதா?"

"இன்னும் இல்ல சார். உக்காருங்க."

பில்கிஸ் பதினேழாவது துண்டை அவர் முன்னால் மேசைமேல் வைத்தாள். தேவிகா அவளிடம் வெள்ளிப் பேனாவை வாங்கி, அவர் கொண்டுவந்த தாளை விரித்து, அடியிலிருந்த தன் கையெழுத்தைச் சுற்றி நிதானமாக ஒரு வட்டம் போட்டாள்.