நாக்குக்கு விடும் இடம்

பெட்டியைப் பிரித்ததும் ஒரு வாய் வெளியே வந்தது. வெள்ளைப் பிளாஸ்டரில் வார்த்த மேல்தாடை ஒன்று, கீழ்த்தாடை ஒன்று. இரண்டிலும் பெயருக்குக்கூட ஒரு பல் இல்லை. பல்செட் செய்யும் அந்த லேபில் இப்படி எத்தனையோ வாய்கள் வந்து மேசையில் உட்கார்ந்துவிட்டுப் போகும். எந்த வாய் யாருடையது என்று அங்கே பல் கட்டும் அவள் கேட்டதில்லை. அன்றைக்குப் பல் டாக்டரின் கம்பவுண்டர்தான் தன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"உங்க சபை ஆளுதாங்க. பெரிய ஜெபக்காரங்களாமே? ஞாயித்துக்கெழமைக்குள்ள வேணுமாம். பல்லில்லாம எப்படி நின்னு ஜெபம் பண்றதுன்னு டாக்டரோட உயிரை வாங்கிட்டாங்க."

பக்கத்து மேசையில் பாலிஷ் போடுகிறவர் நிமிராமலே சிரித்தார். "பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. போன சொல்லை நாம கட்டிக் கொடுக்கறோம். புண்ணியந்தாம்மா, நல்லா கட்டு."

அவள் சிரிக்கவில்லை. ஜெபக்காரக்காவின் வாய் அவள் உள்ளங்கையில் சில்லென்று கிடந்தது.

அந்த வாய் செய்தது இதுதான். அவள் தங்கைக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். அப்பா போன துக்கத்தில் தங்கை கொஞ்ச காலம் மனம் சரியில்லாமல் ஆஸ்பத்திரியில் இருந்து மருந்து சாப்பிட்டவள். இப்போது குணமாகிவிட்டாள். மாப்பிள்ளையிடம் தானே பக்குவமாகச் சொல்லிக்கொள்வதாக இருந்தாள். அதற்குள் இவளுக்கு மனசு கேட்கவில்லை. ஜெபக்காரக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "யாருக்கும் தெரிய வேண்டாம்க்கா, நீங்க மட்டும் ஜெபிச்சுக்கங்க" என்று சொன்னாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போதகர் "ஜெபக் குறிப்பு ஏதாவது உண்டா?" என்று கேட்டபோது அக்கா எழுந்து நின்று, கண்ணை மூடி, குரல் தழுதழுக்க, தங்கையின் பெயரைச் சொல்லி, "அந்தப் பிள்ளையோட புத்திக்குப் பூரண விடுதலை கிடைக்கணும்" என்றாள். சபையே ஆமென் சொன்னது. மாப்பிள்ளையின் அம்மா மூன்றாவது வரிசையில் இருந்தாள். அவள் மட்டும் சொல்லவில்லை.

கல்யாணம் நின்றது. தங்கை வேறு ஊருக்கு வேலை தேடிக்கொண்டு போனாள். பெட்டியைத் தூக்கும்போது அவள் சொன்னது ஒன்றுதான். "அந்த அக்காகிட்ட நான் சொல்லலையே. உன்கிட்டதான் சொன்னேன்." அந்தச் சொல்லை இவள் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வைத்திருந்தாள். அது உறுத்தும்போதெல்லாம் கோபத்தை அக்காவின் பக்கம் தள்ளிவிடுவாள். அதுதான் சுலபமாக இருந்தது. அன்றிலிருந்து படுக்கைக்கு முன் முழங்காலில் நின்று ஒரே விண்ணப்பம்: "ஆண்டவரே, பழிவாங்குறது உம்முடைய வேலைன்னு சொல்லியிருக்கீர். நான் கை வைக்கலை. ஆனா சீக்கிரம் வாங்கும். அந்த வாயை அடைச்சுப்போடும்."

இப்போது ஆண்டவர் அந்த வாயையே பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டார். கேட்டது கிடைத்துவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள். கிடைப்பதெல்லாம் அவரிடமிருந்துதான் வருகிறதா என்று யோசிக்க அன்றைக்கு அவளுக்குப் பொறுமை இல்லை.

கீழ்ப் பல்செட்டில் ஒரு சூட்சுமம் உண்டு. நாக்கின் அடியில் மெல்லிய தசைநார் ஒன்று நாக்கைக் கீழ்த்தாடையோடு கட்டி வைத்திருக்கிறது. அதற்காகப் பல்செட்டின் உள்விளிம்பில் நடுவாக ஒரு சின்ன வெட்டு விடவேண்டும். நாக்கு எழும்ப அந்த இடம் போதும். விடாவிட்டால் உடனே ஒன்றும் தெரியாது. கஞ்சி குடிக்கலாம், "ஸ்தோத்திரம்" என்று ஒரு வார்த்தை சொல்லிப் புன்னகைக்கலாம். பேசப் பேசத்தான் விளிம்பு அறுக்கும். எவ்வளவு நீளமான பேச்சோ, அவ்வளவு ஆழமான புண். அவள் பற்களை அழகாக அடுக்கினாள், ஈறுக்கு ரோஸ் நிறம் பார்த்துச் சேர்த்தாள். அத்தனை நேர்த்தியாக அவள் எதையும் செய்ததில்லை. வெட்டை மட்டும் விடவில்லை.

"பிரமாதம்! போட்டா இருபது வயசு குறைஞ்சிடும்" என்றார் பாலிஷ்காரர்.

ஞாயிறன்று ஜெபக்காரக்கா பளீரென்ற பல்வரிசையோடு எழுந்தாள். வழக்கம்போல் உலகத்தின் நான்கு மூலைகளிலிருந்தும் ஆரம்பித்தாள். நம் சபைக்கு வந்து சேருவதற்குள் குரல் தடுமாறியது. கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "ஆவியில நிறைஞ்சிட்டாங்க" என்று பின்னால் யாரோ கிசுகிசுத்தார்கள். பல் கட்டியவள் குனிந்து முகத்தை மறைத்துக்கொண்டாள். வெகுநாளைக்குப் பிறகு சிரிப்பு வந்தது. அதற்கடுத்த வாரம் அக்கா எழவே இல்லை.

மறுநாள் மத்தியானம், பாலிஷ்காரர் டீ குடிக்கப் போயிருந்த நேரம், ஜெபக்காரக்கா லேபின் வாசலில் நின்றாள். முகத்தில் பாதியைச் சேலைத் தலைப்பு மூடியிருந்தது.

"நீதான் செஞ்சேன்னு கம்பவுண்டர் சொன்னான்மா. டாக்டரைக் கேட்டா, புதுச் செருப்பு மாதிரி, கடிச்சுக் கடிச்சுத்தான் பழகும்ங்கறாரு. என்னால முடியல." பொட்டலத்தைப் பிரித்து மேசையில் வைத்தாள். பல் இல்லாத வாய் உள்ளே போய், சுருக்குப் பையைப்போல் குவிந்திருந்தது. வார்த்தைகள் காற்றாக வந்தன. "இன்னொண்ணு கண்ணு. பல்லைப் புடுங்கினதுலேர்ந்து வெளியில தலை காட்டல, இது கட்டின பல்லுன்னு சபையில யாருக்கும் தெரியாது. உன்னோடயே இருக்கட்டும்."

அவளுக்குள் ஏதோ குதித்தது. போதகர் கேட்பார்: "ஜெபக் குறிப்பு உண்டா?" எழுந்து நிற்கலாம். கண்ணை மூடலாம். குரல் தழுதழுக்க, பெயரைச் சொல்லி, புதுப் பல்செட்டுக்காக, அது சீக்கிரம் பொருந்திவர, சபையே சேர்ந்து... ஆமென் காதில் கேட்டது. இனித்தது.

"உன் தங்கச்சிக்காக இன்னமும் தெனம் ஜெபிக்கிறேன்மா" என்றாள் அக்கா, ஒரு சூதும் இல்லாமல்.

அவள் பல்லைக் கடித்தாள். "யாருக்கும் தெரிய வேண்டாம்னுதான்க்கா அன்னிக்கு நானும் உங்ககிட்ட சொன்னேன்."

அக்கா ஏதோ சொல்லப் போனாள். "நான்... ஜெபத்துலதானம்மா..." குவிந்த வாயின்மேல் கையை வைத்தாள்.

வெந்நீரில் உப்புப் போட்டு டம்ளரை நீட்டியது தன் கைதான் என்று அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. தொழில் பழக்கம். "கொப்பளிங்க. வாயைத் திறங்க. நாக்கைத் தூக்குங்க."

அக்கா கண்ணை மூடிக்கொண்டு நாக்கைத் தூக்கினாள். அடியில், தசைநாரின் வேரில், பிறை நிலாவாகச் சிவந்து ஒரு புண். அவள் மனதில் போட்ட கணக்கு இம்மி பிசகாமல் அங்கே வெந்திருந்தது. தன் வேலை இத்தனை சரியாக வந்ததைப் பார்க்க அவளுக்குச் சந்தோஷமாக இருந்திருக்கவேண்டும். புண்ணின்மேல் நீல மைப் பென்சிலால் மெல்லத் தொட்டாள். பல்செட்டைப் பொருத்தி, நாக்கை அசைக்கச் சொல்லி, வெளியே எடுத்தாள். புண் எங்கே என்று பல்செட்டே காட்டிக்கொடுத்தது. உள்விளிம்பின் நடுவில், வெட்டு இருந்திருக்கவேண்டிய அதே இடத்தில், நீலமாக ஒரு புள்ளி.

சுழலும் சாணைக் கல்லைப் போட்டாள். சத்தத்துக்கு நடுவே அக்கா கேட்டாள்.

"அந்தப் பிள்ள... நல்லாருக்காளா?"

இத்தனை நாளில் அக்கா அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"தெரியலக்கா. என்கூடப் பேசறதில்ல" என்றாள் அவள்.

அக்கா மடியில் கைகளை வைத்து, பல் இல்லாத வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கல் சுழன்றுகொண்டிருந்தது. அன்றைக்கு விடாத வெட்டை விட, அவள் பல்செட்டை அதன் அருகே கொண்டுபோனாள். பென்சில் மை ஈரத்தில் கரைந்து அவள் கட்டைவிரலிலும் பட்டிருந்தது. இரண்டு நீலப் புள்ளிகளும் அருகருகே இருந்தன.