மைத்துனர் பெயரில் ஒரு காதலன்

ஆஸ்பத்திரியில் பெயர் பதியும் ஜன்னலிலிருந்து ஓய்வு பெற்ற அந்தக் குளிர்காலத்திலேயே நான் காதல் கதை எழுத ஆரம்பித்தேன். எங்கள் மலையூரான அத்பாஷியில் அது ஒரு செய்தியாகிவிட்டது. ஓய்வு பெற்றவள் கம்பளி பின்னலாம், கல்யாண வீடுகளில் மாவு பிசையலாம். இந்தக் குல்சைரா செல்போனில் ஒற்றை விரலால் முத்தம் எழுதுகிறாள் என்றால் ஊருக்குப் பொறுக்குமா?

முதலில் பொறுக்காதவள் காலிபா. என் கணவருடைய மூத்த அண்ணனின் மனைவி, எனக்கு ஓரகத்தி. வேலிக்கு அந்தப் பக்கம் அவள் மாடு, இந்தப் பக்கம் என் மாடு.

"என்னடி, பல்லு செட்டு கட்டின வாயில முத்தமெல்லாம் வருதாமே?" என்று பால் வாளியோடு நின்று கேட்டாள்.

"கதையில வர்றவளுக்குப் பல்லு இருக்கு அக்கா."

"உனக்கு வெக்கம் இருக்கா?"

"அது பல்லோட சேர்ந்து விழுந்துடுச்சு."

எனக்கு எழுதுவதற்கென்று ஒரு முறை உண்டு. பால் கறந்து, அடுப்பில் கரி போட்டு, என் வீட்டுக்காரர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போன பிறகு சமையலறை மேசையைத் துடைத்துவிட்டு உட்காருவேன். முதலில் இரண்டு பேர் பேசிக்கொள்வதை மட்டும் எழுதுவேன். அதை வாய்விட்டு வாசிப்பேன். நாக்கு இடறும் இடத்தை வெட்டிவிடுவேன். அதன் பிறகு கை, கண், கதவு, வண்டி எல்லாம் சேர்ப்பேன். பனி, காற்று, நிலா கடைசியில்தான். முதலிலேயே பனியைப் பெய்யவிட்டால் ஆட்கள் பேசமாட்டார்கள். அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடுவார்கள். இதெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமைதோறும் ஒரு அத்தியாயத்தை என் டெலிகிராம் சேனலில் ஏற்றுவேன். மாட்டு வைத்தியரிடம் உதவியாளராக வேலை பார்க்கும் பெர்மெத் என்ற பெண்ணின் கதை. அவள் இளமையைத் தாண்டியவள். கணவாய் வழியாகக் கரி லாரி ஓட்டி வரும் ஒருவனுக்காகக் காத்திருக்கிறாள். வருகிறேன் என்பான், வரமாட்டான். நாரினிலிருந்தும் தலாஸிலிருந்தும் பெண்கள் படித்தார்கள். சந்தையில் நூல் விற்கும் அனார் எடை போட்டுக்கொண்டே படித்ததாகச் சொன்னாள்.

ஆனால் எல்லோருக்கும் ஒரே புகார்தான். 'அந்த ஆளுக்குப் பேரே கிடையாதா? இவ்வளவு உருகுகிற பெண் ஒரு தடவையாவது பேர் சொல்லிக் கூப்பிடமாட்டாளா?'

திருப்பிப் படித்துப் பார்த்தேன். உண்மைதான். பெர்மெத் அவனை 'இங்க பாருங்க' என்றாள், 'உங்களைத்தான்' என்றாள், ஒரு இடத்தில் கதவைத் தட்டிக் கூப்பிட்டாள். பெயரில்லை. எழுதினவளுக்கு ஒரு ஆணைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லையே. எங்கள் பக்கத்தில் மருமகள் புகுந்த வீட்டு மூத்த ஆண்களின் பெயரை வாயில் எடுக்கமாட்டாள். மாமனார், அவர் அண்ணன் தம்பிகள், கணவனுக்கு மூத்தவர்கள் எல்லோருக்கும் அவளே வேறு பெயர் வைத்துக்கொள்வாள். நான் மருமகளாக வந்த அன்று மூத்த மைத்துனர், காலிபாவின் கணவர், வெள்ளைக்கால் குதிரையில் ஊர்வலத்துக்கு முன்னால் வந்தார். அன்றிலிருந்து எனக்கு அவர் குதிரைக்காரர். அந்தக் குதிரை எப்போதோ தொத்திறைச்சியாகி விருந்தில் போய்விட்டது. அவர் இன்னும் குதிரைக்காரர்தான். ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வந்தாலும் அவர் சீட்டைப் பக்கத்து நாற்காலிக்காரியிடம் தள்ளிவிடுவேன். ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய பெரியவர்கள் எல்லோரும் செத்துப்போனார்கள். மற்றவர்களுக்கு அவர் அண்ணன், தாத்தா, பெரியவர்.

கதாநாயகனுக்குப் பெயர் தேடினால் ஒவ்வொரு பெயரிலும் மாமனார் வீட்டு ஆள் யாராவது ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒரு வாரம் அப்படியே போனது. ஒரு காலை, தேநீரில் பால் ஊற்றும்போது ஒரு பெயர் வந்தது. எர்கின். யார் மேலும் ஒட்டாத பெயராகத் தெரிந்தது. என் அடுப்படியில் ஒரு நாளும் ஒலித்ததில்லை. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். நாக்கு இடறவில்லை. அந்த அத்தியாயத்தில் பெர்மெத் அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாள். பெண்கள் இதயப் படங்களாக அனுப்பித் தள்ளினார்கள்.

மறுநாள் காலிபா பூட்ஸைக் கழற்றாமல் என் வீட்டுக்குள் வந்தாள். மேசையில் ரொட்டி இருந்தது; அதைப் பார்க்கக்கூட இல்லை.

"அடியே, என் புருஷனைக் கட்டிப் புடிக்க உனக்கு வேற எடம் கெடைக்கலையா? ஊரே பாக்கற மாதிரி போன்லதான் கட்டிப் புடிக்கணுமா?"

"யாரு அக்கா? என்ன சொல்றீங்க?"

"எர்கினாம் எர்கின்! 'எர்கின், உங்க கையி சூடா இருக்கு!' அந்த மனுஷன் கையி சூடா இருந்து நானே பாத்ததில்ல!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பக்கத்து வீட்டிலேயே வாழ்ந்தும், அந்தப் பெயரை நாக்கிலிருந்து விலக்கி வைத்து வைத்து, அது யாருடையது என்பதையே தொலைத்திருந்தேன்.

"சத்தியமா எனக்கு ஞாபகம் வரல அக்கா."

"இத்தனை வருஷம் வேலிக்கு அந்தாண்ட மாடு கறந்தவளுக்கு மச்சான் பேரு மறந்துபோச்சாம். இதை ஆட்டுக்கிட்ட சொல்லு, ஆடு சிரிக்கும்."

"அடுத்த வாரத்துலேர்ந்து மாத்திடறேன்."

"அடுத்த வாரமா? இப்பவே எடு. எல்லாத்துலேர்ந்தும் எடு."

ரொட்டியில் ஒரு துணுக்கும் பிட்டு வாயில் வைக்காமல் போனாள். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் ஒரு அவமானம் கிடையாது. அவள் அப்படிப் போகாமல் இருந்திருந்தால் அன்றைக்கே பெயரை எடுத்திருப்பேன். ரொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், எடுக்கத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குதிரைக்காரர் எங்கள் இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டார். திட்டு வாங்கத்தான் போகிறோம் என்று என் வீட்டுக்காரர் புதுச் சட்டை போட்டுக்கொண்டார். குதிரைக்காரர் வீட்டுப் பெரியவர் உட்காரும் மேலிடத்தில், மெத்தைமேல் கால் மடக்கி உட்கார்ந்திருந்தார். கண்ணாடி, போன், பக்கத்தில் ஒரு பூதக்கண்ணாடி.

"எல்லா அத்தியாயமும் படிச்சேன்" என்றார்.

என் வீட்டுக்காரர் தலை குனிந்தார்.

"அந்த எர்கின் ஏன் லாரி ஓட்றான்?"

எனக்குப் புரியவில்லை.

"குதிரையில வரவெச்சிருக்கலாம். லாரியில வர்றவனைப் பாத்து எந்தப் பொம்பளை மயங்குவா? சரி, போகட்டும். தோளு நல்லா அகலமா எழுதியிருக்க. பேரை மாத்தக் கூடாது."

அடுப்பின் பக்கம் காலிபா கரண்டியைப் பானைக்குள் போட்ட சத்தம் கேட்டது.

"உனக்கு அறிவு கெட்டுப்போச்சா, கெழவா?"

"நீ சும்மா இரு. கதை நல்லாத்தான் இருக்கு." என் பக்கம் திரும்பினார். "முடிவுல அவ அவன்கிட்ட ஓடி வரணும். ஊரு பாக்க வரணும். என் எழுபதாவது விருந்துல அந்தக் கடைசி அத்தியாயத்தை நீயே படிக்கற."

"அது நான் யோசிச்ச முடிவு இல்லைங்க."

"என் பேரை வச்சுக்கிட்டு எனக்கே தெரியாம ஒரு முடிவா?" ஒரு எலும்பை எடுத்து என் வீட்டுக்காரர் தட்டில் வைத்தார். "தம்பி, கோடைக்கு ஆடுகளை நம்ம மேய்ச்சலுக்குத்தானே ஓட்டிட்டு வர்ற? பொண்டாட்டிக்குச் சொல்லி வை."

சோன்கோல் ஏரிப் பக்கம் அந்த மேய்ச்சல் அவர் பெயரில் இருந்தது. அங்கே போகாவிட்டால் எங்கள் ஆடுகளுக்குக் கோடை இல்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். "ரெண்டு வரிதானே. அவரு சொன்ன மாதிரியே எழுதிட்டுப் போயேன். கதைதானே."

"கதைதானேன்னா நீங்க எழுதுங்க."

"எனக்கு ஆடு இருக்கு."

"எனக்குப் பெர்மெத் இருக்கா."

"இல்லாத பொம்பளைக்காக இருக்கற ஆட்டைக் கொல்லுவியா நீ?"

பெர்மெத் அந்த லாரிக்காரனோடு போகமாட்டாள் என்பது முதல் அத்தியாயத்திலேயே எனக்குத் தெரியும். அதை நம்பித்தான் மற்றதையெல்லாம் எழுதினேன். அவளை ஓடவிட்டால் அவள் காத்திருந்த குளிர்காலங்களெல்லாம் ஒரு கிழவனின் பிறந்தநாளுக்குப் போட்ட அலங்காரம்.

அதன் பிறகு இரண்டு பக்கமும் அடி. குதிரைக்காரர் குரல் செய்தி அனுப்பினார்: 'அவ ஓடி வரும்போது தலைத்துணி காத்துல பறக்கட்டும்.' 'எர்கின் உடனே எறங்கக் கூடாது, கொஞ்சம் யோசிக்கட்டும்.' சந்தைத் தேநீர்க் கடையில் அது தன் இளமைக் கதை என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். காலிபா சொந்தக்காரப் பெண்களிடம் வேறு கதை சொன்னாள். விருந்துக்கு மாவுருண்டை பொரிக்கும் நாளில் எல்லா மருமகள்களையும் கூப்பிட்டார்கள், என்னைத் தவிர. நானாகவே போனேன். யாரும் எனக்கு மாவு தரவில்லை, கத்தி தரவில்லை. ஒருத்தி எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தபடியே சொன்னாள், "எழுத்தாளருக்குக் கையி சூடாயிடப் போகுது." எல்லோரும் சிரித்தார்கள். நான் கோட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று மேசையில் உட்கார்ந்து குதிரைக்காரர் கேட்ட முடிவையும் எழுதிப் பார்த்தேன். வேலை தெரிந்தவள் எதையும் எழுதிப் பார்க்கத்தான் வேண்டும். தலைத்துணியைப் பறக்கவிட்டேன். வாய்விட்டு வாசித்தேன். முதல் வரியிலேயே நாக்கு இடறியது. அழித்துவிட்டு என் முடிவை எழுதினேன்.

விருந்து ஊர் மண்டபத்தில் நடந்தது. வெள்ளைத் தொப்பி வைத்த கிழவர்கள் மேல்வரிசையில், பெண்கள் கதவுப் பக்கம். இறைச்சி பங்கு வைத்து முடிந்ததும் பாட்டுக்காரனை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். மைக்கைக் கையில் வாங்கினேன். போனில் அத்தியாயம் திறந்திருந்தது. முதல் வரியிலேயே அந்தப் பெயர்.

வெளியூரிலிருந்து வந்த குதிரைக்காரரின் அத்தை ஒருத்தி, பல் இல்லாதவள், கைத்தடியால் தரையைத் தட்டினாள். "இருங்கடா. இவ அவன் தம்பி பொண்டாட்டி இல்ல? மச்சான் பேரை மைக்குல சொல்லப்போறாளா?"

காலிபா முகத்தில் வெளிச்சம் வந்தது. யாரும், குதிரைக்காரர்கூட, இதை யோசிக்கவில்லை.

"வேற யாராவது படிக்கட்டும்" என்று ஒரு கிழவர் சொன்னார்.

"தேவையில்ல." குதிரைக்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். முந்நூறு பேர் எதிரில் தன் பெயரைக் கேட்கும் ஆசை அவர் முகம் முழுக்க இருந்தது. "பேரு என்னோடது. நான் அனுமதி குடுக்கறேன். சொல்லும்மா, சத்தமா சொல்லு."

சத்தமாகவே சொன்னேன்.

கணவாய் திறந்தது. எர்கின் லாரியை வாசலில் நிறுத்தி ஹார்ன் அடித்தான். பெர்மெத் வாளியோடு வெளியே வந்தாள். அவள் தலைத்துணி இறுக்கிக் கட்டியிருந்தது. 'எர்கின்,' என்றாள், 'உங்களுக்காகக் குளிர்காலம் குளிர்காலமா அடுப்பை அணையாம வச்சிருந்தேன். வீடு சூடாத்தான் இருந்தது, எனக்கு மட்டும். வண்டியைத் திருப்புங்க, எர்கின். கொட்டகையில மாடு கன்னு போடப் போகுது, எனக்கு நேரமில்ல.' அவன் விளையாட்டு என்று நினைத்து இன்னொரு தடவை ஹார்ன் அடித்தான். கொட்டகைக் கதவு சாத்திக்கொண்டது.

வாசித்துவிட்டு மைக்கைக் கீழே வைத்தேன். கதவுப் பக்கம் யாரோ ஒருத்திக்குத் தும்மல் மாதிரி ஒரு சிரிப்பு வந்தது. அடுத்தவளுக்குத் தொற்றியது. பிறகு பெண்கள் வரிசை முழுக்க வாயைத் தலைத்துணியால் பொத்திக்கொண்டு குலுங்கியது. பல்லில்லாத அத்தை, "வண்டியைத் திருப்புடா எர்கின்!" என்று கத்தினாள். அவளுக்கு அவரைப் பெயர் சொல்ல உரிமை இருந்தது.

குதிரைக்காரர் உட்கார்ந்தார். "பாட்டு போடு" என்றார்.

மறுநாள் குரல் செய்தி வந்தது. இந்தத் தடவை ஒரே வரி: 'என் பேரை எடுத்துடு.' என் வீட்டுக்காரருக்கு வேறு ஆள் மூலம் தகவல் வந்தது, இந்தக் கோடையில் சோன்கோலில் இடமில்லை என்று. அவர் போய் ஆடுகளை ஒரு தடவை எண்ணிவிட்டு வந்தார். அது எனக்குத் திட்டைவிடக் கஷ்டமாக இருந்தது.

பால் கறக்கும் நேரத்தில் காலிபா வேலியருகே வந்தாள்.

"பேரை எடுக்கச் சொன்னாராமே?"

"ஆமா."

"எடுத்தேன்னா உன்னைச் சும்மா விடமாட்டேன்."

"நீங்கதானே அக்கா முதல்ல எடுக்கச் சொன்னீங்க?"

"அப்ப சொன்னேன். இப்பச் சொல்றேன், வை. எல்லாத்துலயும் வை." வாளியைத் தூக்கிக்கொண்டாள். "உன் மேல எனக்கு எந்தப் பாசமும் வந்துடல. உன் ரொட்டியைத் தொடமாட்டேன்."

"நான் உங்களுக்கு வைக்கவும் மாட்டேன்."

"நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். முற்றத்தில் என் வீட்டுக்காரர் யாரோ ஒரு அந்நியரிடம் போனில் மேய்ச்சல் இடம் கேட்டுக்கொண்டிருந்தார். ரொம்பத் தூரமா, தண்ணி இருக்கா, ஓநாய் வருமா என்று கேட்டார். குரல் தாழ்ந்திருந்தது. அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு கடைசி அத்தியாயத்தை, மண்டபத்தில் வாசித்தபடியே, ஒரு பெயரும் மாற்றாமல் ஏற்றினேன்.