குழாயில் படிந்த வெள்ளி

மார்ச் 11. தவறு என்னுடையது. ஒரே கண்ணாடிக் குச்சியால் இரண்டு சோதனைக் குழாயையும் கலக்கிவிட்டேன். இரண்டுமே கறுத்தன. நேற்றைய சோதனை செல்லாது.

மாலை வேதியியல் வகுப்புக்குப் போகும் பேருந்தில் சின்னவள் இதை எழுதினாள். அக்காவுக்கும் அவளுக்கும் ஒரே அழகு நிலையத்தில் வேலை. முடியை நேராக்கும் கிரீமைத் தடவிச் சூட்டுக் கம்பியால் இழுக்கும்போதெல்லாம் அக்காவுக்கு இருமல் பிய்த்துக்கொண்டு வரும். டப்பாவிலோ ‘ஆல்டிஹைடு இல்லை’ என்று கொட்டை எழுத்து. ஆல்டிஹைடு ஆவி மூச்சுக்குழலைக் கரிக்கும் என்று படித்திருந்தவள், டப்பாவை நம்பாமல்தான் சோதித்தாள். சொதப்பியதைக் காலையில் முதலாளியம்மாவிடம் அவளே சொல்லியும் விட்டாள்.

“ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்! போ சயின்ஸு, போய்க் கிரீமைத் தடவு.” கடையே சிரித்தது.

அன்று ஆய்வகத்தில் குழாய்களைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். ஒன்றில் கிரீமை அலசிய நீர். மற்றதில், ஒப்பிட்டுப் பார்க்க, நகச்சாயம் அழிக்கும் அசிட்டோன்; அது கீட்டோன். ஆல்டிஹைடில், ஆக்சிஜனைப் பிடித்திருக்கும் கார்பனுக்கு ஒரு பக்கமாவது ஹைட்ரஜன் இருக்கும். தாழ்ப்பாள் இல்லாத கதவு அது; எளிதில் ஆக்சிஜனேற்றம் நடந்துவிடும். கீட்டோனுக்கு இரு பக்கமும் கார்பன் சுவர். வெள்ளி நைட்ரேட்டில் அம்மோனியா சேர்த்து இரண்டிலும் ஊற்றினாள். ஆளுக்கொரு குச்சி. பிறகு வெந்நீரில் நிறுத்தினாள்; ஆல்டிஹைடு இருந்தால் கரைசலிலுள்ள வெள்ளி பிரிந்து படியும்.

அசிட்டோன் தெளிவாகவே நின்றது. கிரீம் குழாயின் உட்சுவரில் வெள்ளி படிந்து கண்ணாடியானது. அதில் அவள் மூக்கு கோணலாகத் தெரிந்தது.

சந்தேகம் விடவில்லை. சில சர்க்கரைகளும் இப்படிக் காட்டுமே? கிரீமில் சர்க்கரை எதற்கு? இருந்தாலும், எந்த ஆல்டிஹைடு என்று இது சொல்லாது. ஆனால் அக்காவின் இருமலையும் சேர்த்துப் பார்த்தால், டப்பாவின் பேச்சை இனி நம்ப முடியாது.

நிலையத்தைப் பூட்டுவதற்குள் திரும்பி, அலசிய குழாயை மேசைமேல் வைத்தாள்.

“இன்னிக்கு எத்தனை குச்சியாம்?” என்றாள் முதலாளியம்மா.

“ரெண்டும்மா. கிரீம்தான் வெள்ளியைப் படிய வெச்சுது. நான் இனிமே இதைத் தடவ மாட்டேன்.”

“நாளைக்குக் காலையில முடி நேராக்க ஆள் வருது. தடவலேன்னா நீ வரவே வேண்டாம்.”

அக்கா முழங்கையால் இடித்தாள். “வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருடி. வேலை போனா...” மீதியை இருமல் விழுங்கியது.

“கேட்டீங்களா? வருவேம்மா. முடி வெட்டுறேன், தலை கழுவுறேன். வர்றவங்ககிட்ட இந்தக் குழாயையும் காட்டுவேன். துரத்தணும்னா அவங்க முன்னாடியே துரத்துங்க.”

“மிரட்டுறியா?”

“தப்புப் பண்ணப்பவும் நான்தானே வந்து சொன்னேன்? இப்பவும் பார்த்ததைத்தான் சொல்றேன்.”

முதலாளியம்மா சாவிக்கொத்தை உருட்டினாள். மூச்சு திரும்பியதும் அக்கா தன் தட்டிலிருந்த டப்பாவை எடுத்து வந்து குழாய்க்குப் பக்கத்தில் ‘டொக்’ என்று வைத்தாள்.

“எனக்கும் வேண்டாம்மா.”

வீட்டுக்குப் போனதும் சின்னவள் டைரியைத் திறந்தாள்.

மார்ச் 12. காலை: நேரத்துக்கு வேலைக்குப் போக வேண்டும். சன்னல்களைத் திறக்க வேண்டும். கிரீமைத் தொடக் கூடாது. மாலை: பிரிக்காத டப்பாவிலிருந்து மூன்றாவது சோதனை. தனித்தனிக் குச்சி.