பெட்டியின் மோட்டார்

தேநீரை வடிகட்டிக்கொண்டிருந்த சின்னவளின் கை பாதியில் நின்றது. காலையிலிருந்து கூடத்தில் ஓயாமல் உறுமிக்கொண்டிருந்த குளிர்பெட்டியின் மோட்டார் திடீரென்று அடங்கிவிட்டது. கரண்ட் போய்விட்டதோ என்று அண்ணாந்து பார்த்தாள். அடுப்படி விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. வடிகட்டியை அப்படியே போட்டுவிட்டுக் கூடத்துக்கு ஓடினாள்.

பெட்டிக்குள் அக்கா கிடந்தாள். தலைமாட்டில், சுவரோரமாக, அக்காவின் கணவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பிடுங்கிய பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். எதையும் சுருக்கமில்லாமல் மடித்து வைத்தே பழகியவர். இதையும் அப்படித்தான் மடித்தார்.

"என்ன மாமா பண்றீங்க?"

அவர் உதட்டில் விரலை வைத்தார். "மெதுவா பேசும்மா. பின்னாடி ஏதோ சத்தம் வருதுன்னு போட்டி நடத்துறவங்க என் போனுக்கு எச்சரிக்கை அனுப்பியிருக்காங்க. இன்னொரு தடவை வந்தா பேப்பரையே தள்ளிடுவாங்க. ஒன்றரை மணி நேரம்தான். ஒண்ணும் ஆகாது."

ஒண்ணும் ஆகாது என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். கடையில் கண்ணாடி வாங்க வருகிறவர்களிடம், ரெண்டு நாள் போட்டால் பழகிவிடும் என்று சொல்வாரே, அதே குரல்.

எதிர் அறையின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அக்கா மகள் பட்டாணி, கணக்குப் போட்டி எழுதிக்கொண்டிருந்தாள். பிறந்தபோது கைக்குள் அடங்குகிற மாதிரி இருந்ததால் அந்தப் பெயர். பதினோரு வயதாகியும் அதுவே நிலைத்துவிட்டது. அவள் பள்ளிக்கூடம் போனதில்லை. எந்த வகுப்பில் உட்காரவைத்தாலும் கணக்கில் வாத்தியாரைத் தாண்டிப் போய்விடுவாள் என்பதால் வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். இன்றைக்குக் கடைசிச் சுற்று. இதில் தேறுகிற சிலரைத்தான் நாட்டு அணிக்கு எடுப்பார்கள். மடிக்கணினியின் கேமரா பார்த்துக்கொண்டிருக்கும், மைக் கேட்டுக்கொண்டிருக்கும். நாற்காலியை விட்டு எழுந்தால் எழுதியது அத்தனையும் செல்லாது.

சொல்லிக்கொடுத்தார்கள் என்பதில் பாதிக்கு மேல் அக்காதான். அவளுக்குக் கணக்கு சுத்தமாக வராது. ஆஸ்பத்திரியில் ராத்திரி ஷிப்டு நர்சு. விடிந்ததும் வீட்டுக்கு வந்து முகத்தைக் கழுவிக்கொண்டு மகளின் பக்கத்தில் உட்காருவாள். புத்தகம் தேடுவது, கோச் தேடுவது, பஸ் ஏறி ஊர் ஊராகப் போட்டிக்குக் கூட்டிப்போவது எல்லாம் அவள் வேலை. அவர் வேலை, சான்றிதழ்களுக்குச் சட்டம் போட்டுக் கடைச் சுவரில் மாட்டுவது. நெஞ்சு வலிக்கிறது என்று அக்கா இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். போட்டி முடியட்டும், பார்த்துக்கலாம் என்று இரண்டு பேருமாக ஒத்திப்போட்டார்கள். போட்டியன்று விடியற்காலையில், ஷிப்டு முடிந்து வந்து செருப்பைக் கழற்றக் குனிந்தவள் நிமிரவில்லை.

அவர் போட்டியை விடவில்லை. பட்டாணி எழுதி முடித்த பிறகு வரும்படி அமரர் வண்டிக்குச் சொல்லிவிட்டார். ஒப்பாரி வைத்துக்கொண்டு வந்த பெரியம்மாவை வாசலிலேயே மடக்கி, வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழச் சொன்னார். அவளும் அப்படியே அழுதாள். இருமல்காரச் சித்தப்பா தானாகவே தெருமுனைக்குப் போய்விட்டார். இதில் யாருக்கும் வெட்கமே இல்லை என்பதுதான் சின்னவளுக்குத் தாங்கவில்லை. இந்த நிலைமையிலும் உட்கார்ந்து எழுதுதே, என்ன நெஞ்சுரம் பாரு என்று ஒருத்தர் காதில் ஒருத்தர் பெருமை ஓதினார்கள். நாளைக்கு டிவியில வரும்போது நம்ம வீட்டுப் பிள்ளைன்னு சொல்லிக்கலாம் என்றார் ஒருவர், பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு.

காலையில் பட்டாணிக்குத் தலை வாரிவிட்டது சின்னவள்தான். குழந்தை அழவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நான் எழுதி முடிக்கிற வரைக்கும் அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாதாப்பா?" என்று கேட்டாள். அதற்கும் அவரிடம் பதில் தயாராக இருந்தது.

"மோட்டார் சத்தம் கேட்குதுல்ல? அது கேட்கிற வரைக்கும் அம்மா அப்படியே இருப்பாங்க. நீ நிம்மதியா எழுது."

குழந்தை தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். அப்பா சொன்னால் அது அவளுக்கு நிரூபித்த கணக்கு மாதிரி.

சின்னவள் பிளக்குக்காகக் கையை நீட்டினாள். அவர் அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். ஐம்பது வயது மனுஷன், சாக்லேட்டை ஒளிக்கிற பிள்ளை மாதிரி.

"கொடுங்க மாமா. அக்காவைப் பாருங்க. கண்ணாடியெல்லாம் வேர்க்குது."

"உங்கக்கா ரெண்டு வருஷமா தூங்காம கிடந்தது இந்த ஒரு நாளுக்குத்தான். அதைக் கெடுத்துட்டு, அப்புறம் அவ மூஞ்சியில நீ முழிப்பியா?"

அந்தப் பேச்சு அவளைக் கட்டிப்போட்டுவிட்டது. அது பொய்யாக இருந்திருந்தால் பிளக்கைப் பிடுங்கி மாட்டியிருப்பாள். உண்மையாக இருந்து தொலைத்தது. போட்டிக்குப் பிறகு தூங்கிக்கலாம்டி என்று அக்காவே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். நீட்டிய கையைச் சின்னவள் மடக்கிக்கொண்டாள். மடக்கிய பிறகு அவரைவிடத் தன்மேல்தான் அருவருப்பு அதிகமாக வந்தது. அடுப்படித் துணியை எடுத்துவந்து பெட்டியின் கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்த இடம் மறுபடி மங்கியது. மறுபடி துடைத்தாள். வாசனை ஏதாவது வருகிறதா என்று மூக்கு தானாகத் தேடியது. சொந்த அக்காவிடம் போய் இதைத் தேடவைத்துவிட்டானே பாவி என்று மனசுக்குள் திட்டினாள்.

அப்போது அறைக் கதவு திறந்தது.

பட்டாணி நின்றுகொண்டிருந்தாள். பென்சில் காதில் செருகியிருந்தது. கூடத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"எழுந்திரிக்கக் கூடாதும்மா! போ, போய் உட்காரு, கேமரா..." அவர் ரகசியக் குரலில் அதட்டினார். கையால் தள்ளுகிற மாதிரி காற்றைத் தள்ளினார். அந்தக் கையில் பிளக் இருந்தது.

பட்டாணி பிளக்கைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். "எப்ப நிறுத்துனீங்க?"

"இப்பதாம்மா. கொஞ்ச நேரம்தான்."

கொஞ்சம் என்பதை அவள் ஒருநாளும் பதிலாக எடுத்துக்கொண்டதில்லை. திரும்பிச் சின்னவளைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க சித்தி. நான் நாலாவது கணக்கு ஆரம்பிக்கிறப்ப சத்தம் நின்னுச்சு. அப்புறம் ஓடவே இல்லையா?"

"இல்லடா கண்ணு. ஓடல."

"அப்ப இருந்து எனக்கு ஒண்ணுமே வரல" என்றாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை. விடையை வாசிக்கிற குரல்.

அவள் அப்பாவிடம் போய்க் கையை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. அவள் நீட்டிய கையை மடக்கவும் இல்லை. சின்னவள் போய் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிளக்கை எடுத்துக் குழந்தையிடம் கொடுத்தாள். அவர் விரல்கள் வேர்த்து வழவழவென்று இருந்தன. பட்டாணி வயரைப் பிரித்து, குனிந்து, சுவரில் மாட்டினாள். மோட்டார் ஒருமுறை குலுங்கிவிட்டு உறும ஆரம்பித்தது.

பெரியம்மா வாயிலிருந்து துண்டை எடுத்துவிட்டு ஓவென்று அழுதாள்.

அறைக்குள்ளிருந்து மடிக்கணினி விட்டு விட்டுக் கூவியது. அவர் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கரண்ட் போயிடுச்சு சார், குழந்தை பயந்துடுச்சு சார், ஒரு வாய்ப்பு கொடுங்க சார் என்று உள்ளே அவர் திரையைப் பார்த்துக் கெஞ்சுவது கேட்டது. விடிந்ததிலிருந்து இந்த வீட்டில் அவர் யாரிடமும் அவ்வளவு பணிவாகப் பேசவில்லை.

சின்னவள் அடுப்படிக்குப் போய் ஒரு டம்ளர் பாலும் ரொட்டியும் எடுத்துவந்தாள். பட்டாணி பெட்டிக்குப் பக்கத்தில் இல்லை. சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். பிளக் மாட்டிய இடத்தை முதுகால் அடைத்துக்கொண்டு, காலை நன்றாக நீட்டியிருந்தாள். வந்தவர்கள் அந்தக் காலைத் தாண்டித்தான் அக்காவைப் பார்க்கப் போனார்கள். ரொட்டியை வாங்கிக்கொள்ளக்கூட அவள் முன்னால் சாயவில்லை. சின்னவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தாள், வண்டி வருகிற வரைக்கும்.