வேலைக்கா, ஊருக்கா?

பேரம் பேசுவதில் மோகன்ராஜை மிஞ்ச திருப்பூர் முதலிபாளையம் வட்டாரத்திலேயே ஆள் கிடையாது என்று மோகன்ராஜே சொல்லிக்கொள்வான். பதினான்கு வருடமாக ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்கும் பையர்களிடம் விலை பேசி ஆர்டர் வாங்கி, சரக்கு கப்பல் ஏறும்வரை அதன் பின்னால் ஓடுகிற உத்தியோகம். மாலையில் வீடு திரும்பும் வழியில் காய்க்காரி வேலாத்தாளிடம் காய் வாங்கினால், கொத்தமல்லிக் கட்டை ஓசியில் பிடுங்காமல் நகரமாட்டான். 'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்பதுதான் அவனுடைய வேதம்.

அவன் மனைவி கவிப்பிரியாவுக்கு அந்த வாய் கிடையாது. சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவாள். கேட்டால், "வெயில்ல உக்காந்திருக்கறவிங்ககிட்டப் போயி ரெண்டு ரூவாய்க்கு மல்லுக்கட்டச் சொல்றீங்களா?" என்பாள். 'இவளை வைத்துக்கொண்டு எப்படிக் கரையேறுவது' என்று அவன் தலையில் அடித்துக்கொள்வான்.

இப்படிப்பட்டவளிடம்தான் ஒரு பெங்களூர் சாஃப்ட்வேர் கம்பெனி, 'உங்களைத் தேர்வு செய்துவிட்டோம், வருடச் சம்பளம் ஒன்பது லட்சம், புதன்கிழமை பேசலாம்' என்று மெயில் அனுப்பியிருந்தது. கவிப்பிரியா முன்பு கோயம்புத்தூரில் டெஸ்டராக இருந்தவள். ஒரு மென்பொருளை வாடிக்கையாளர் கையில் கொடுப்பதற்கு முன்னால், அது எங்கெல்லாம் உதைக்கும் என்று கண்டுபிடிக்கிற வேலை. மகள் தரணி பிறந்ததும் விட்டுவிட்டாள். ஐந்து வருடம். இடையில் குழந்தை தூங்கும் நேரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னச் சின்ன வேலைகளை வாங்கிச் செய்துகொண்டிருந்தாள். இது வீட்டிலிருந்தே பார்க்கிற முழுநேர வேலை.

அந்த வேலை அந்த வீட்டுக்கு எவ்வளவு தேவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் இறக்குமதி வரியை ஏற்றியதிலிருந்து மோகன்ராஜின் கம்பெனியில் ஆர்டர் பாதி நின்றுபோயிருந்தது. சம்பளத்தில் கால்வாசியைக் குறைத்துவிட்டு, வெள்ளிக்கிழமையும் வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். வீட்டுக் கடனுக்குத் தவணை கட்டவே மூச்சு முட்டியது.

அதனால் செவ்வாய்க்கிழமை இரவு சாப்பாடு முடிந்ததும் மோகன்ராஜ் ஒத்திகை வைத்தான்.

"நாந்தான் எச்.ஆர். நீ மொதல்ல பதினெட்டு லட்சமுன்னு சொல்லோணும். நான் முடியாதும்பேன். நீ மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு, புள்ளைக்கு ஃபீஸு கட்டோணுமுங்கன்னு சொல்லு. அப்பறம் ஒவ்வொண்ணா எறங்கி, கடைசியில உங்களுக்காக ஒத்துக்கறனுங்கன்னு முடிக்கோணும்."

"ஏனுங்க, இதுல வேலையப் பத்தி ஒண்ணையும் காணோமே?"

"வெலை பேசறப்ப வேலையப் பத்தி என்னத்துக்குப் புள்ள பேசறது?"

கவிப்பிரியா தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். அது சம்மதம் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

மறுநாள் கம்பெனிக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, சாப்பாட்டு மேசையில் அவளுக்கு எதிரே, கேமராவில் விழாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தான். கையில் ஒரு ஸ்கெட்ச் பேனா. பக்கத்தில் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த ஒரு கட்டு விலை அட்டை. பனியனில் தொங்கவிடுவார்களே, அது. அச்சு பிசகி ஒதுக்கினவை, பின்பக்கம் வெள்ளை. எழுதிக் காட்டினால் அவள் பார்த்துப் பேசலாம் என்பது திட்டம்.

மடிக்கணினியில் வந்த எச்.ஆர். பெண்ணின் பெயர் அனுசுயா. பார்க்க நல்ல மாதிரியாகவும், பேச்சில் தேன் ஒழுகுகிற மாதிரியாகவும் இருந்தாள்.

"உங்க இன்டர்வியூ எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சிருந்தது கவிப்பிரியா. ஒன்பது லட்சம்னு மெயில் போட்டிருந்தோம். உங்களுக்கு ஓகேதானே?"

மோகன்ராஜ் 18 என்று பெரிதாக எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்தான்.

"ஓகே இல்லீங்க மேடம்," என்றாள் கவிப்பிரியா. "இதே வேலைக்கு உங்க விளம்பரத்துல பதினாலுன்னு போட்டிருந்தீங்க. நான் எதிர்பாக்கறதும் அதேதானுங்க."

மோகன்ராஜ் தூக்கிய அட்டையை இறக்கினான். உள்ள விலையை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டாளே! இனி எங்கேயிருந்து இறங்குவது?

"அது பெங்களூர் ஆபீஸுக்கு வர்றவங்களுக்குங்க. நீங்க திருப்பூர்ல வீட்டிலிருந்து பண்ணப் போறீங்க. அங்கே செலவு கம்மிதானே? அதோட அஞ்சு வருஷ கேப் வேற இருக்கு."

"அந்த கேப் பத்திக் கேக்கறது நியாயந்தானுங்க. அதுல செஞ்ச வேலையெல்லாத்தையும் இன்டர்வியூல காட்டிட்டனுங்க. பாத்துட்டுத்தானே என்னைய எடுத்திருக்கீங்க?"

"அது சரிதான்," என்று சிரித்த அனுசுயா, அடுத்ததைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். "ஆனா இன்னும் ரெண்டு பேரைப் பார்த்துட்டு இருக்கோம். அவங்க எட்டு லட்சத்துக்கே வரத் தயாரா இருக்காங்க."

பதினான்கு வருடமாக மோகன்ராஜ் கேட்டுவரும் வசனம் அது. சரியாக இந்த இடத்தில்தான் ஒவ்வொரு பையரும், 'வங்கதேசத்தில் இதைவிடக் குறைவாகத் தருகிறார்கள்' என்பான். அதைக் கேட்டதும் மோகன்ராஜின் வாய் தன்னாலேயே, 'அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சார்' என்று சொல்லிவிடும். உள்ளதைச் சொன்னால் என்ன? அவன் வேலாத்தாளிடம் புலி, பையரிடம் பூனை. இப்போதும் அவன் கை தன்னாலேயே ஒரு அட்டையை எடுத்து 'ஓகே சொல்லு' என்று எழுதியது. எழுதியதோடு நிற்காமல் அதைப் படபடவென்று ஆட்டவும் செய்தது.

கவிப்பிரியா எட்டி அந்த அட்டையை வாங்கினாள். மேசைமேல் போட்டு, அதன்மேல் டீ டம்ளரைத் தூக்கி வைத்தாள்.

"அவிங்க உங்களுக்குத் தோதா இருந்தா அவிங்களையே எடுத்துக்கலாமுங்க மேடம். எனக்கு ஒரே ஒரு சந்தேகந்தானுங்க. இந்தச் சம்பளம் வேலைக்கா, நான் குடியிருக்கற ஊருக்கா? வேலைக்குன்னா, எங்க உக்காந்து செஞ்சாலும் அதே வேலைதானுங்க. ஊருக்குன்னா, நாளைக்கே நான் பெங்களூருக்குக் குடி வந்துட்டா பதினாலு ஆயிருமுங்களா?"

கேட்டுவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

அனுசுயாவும் பேசவில்லை. பக்கத்து வீட்டில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின்கூட அந்த நேரம் பார்த்து நின்றது. மோகன்ராஜால் இந்த மாதிரி அமைதியைத் தாங்கவே முடியாது. போனில் எதிராளி இரண்டு நொடி சும்மா இருந்தால் போதும், அந்தப் பள்ளத்தை நிரப்ப அவனே விலையை அள்ளிப் போடுவான். எத்தனை பையர்கள் ஒரு வார்த்தை பேசாமலே அவனிடம் காரியத்தைச் சாதித்திருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் அவனுக்கு உறைத்தது.

அவன் அவளைப் பார்த்தான். கோபமில்லை, கெஞ்சலில்லை. அடுப்பில் வைத்த பால் பொங்கட்டும் என்று நிற்பவள் போல இருந்தாள். ஏழு வருடமாக ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தியும் இந்தப் பெண்ணை நாம் பார்த்ததே இல்லையே என்று மோகன்ராஜ் மலைத்துப் போனான்.

"மேலே பேசிட்டுச் சொல்றேன்," என்று அனுசுயா இணைப்பைத் துண்டித்தாள்.

"ஊடு தேடி வந்த வேலைய இப்படித் தொரத்தி உட்டுட்டியே புள்ள!" என்று அவன் எழுந்தான். டம்ளரை எடுத்த கவிப்பிரியா, டீ தளும்புவதைப் பார்த்துவிட்டுத் திரும்ப அங்கேயே வைத்தாள்.

"எனக்கு மட்டும் பயமில்லீன்னா நெனைக்கறீங்க? அந்தப் பயத்தை அவிங்களுக்கு எதுக்குங்க காட்டோணும்?"

"வேலை கைவிட்டுப் போயிருச்சுன்னா?"

"போனா ஒரு நாளைக்கு அழுதுட்டு வேற தேடுவனுங்க. ஒம்போதுக்குச் சேந்தா, அதே வேலைக்கு இன்னொருத்தி பதினாலு வாங்கறாளேன்னு தெனமும் அழுவோணும்."

வியாழக்கிழமை ஒரு தகவலும் வரவில்லை. கவிப்பிரியா பீர்க்கங்காயைத் தீய விட்டாள். மோகன்ராஜ் அதை ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டான்.

வெள்ளிக்கிழமை அவன் வீட்டில் இருந்தான். மாலையில் தரணியைப் பள்ளி வேனிலிருந்து இறக்கிக் கூட்டிவர கவிப்பிரியா போயிருந்தாள். அவள் போன் மேசைமேல் சார்ஜில் கிடந்தது. அது அடித்தது. அனுசுயா.

எடுக்கலாமா வேண்டாமா என்று தவித்து, நிற்கப்போகும் சமயத்தில் எடுத்துவிட்டான். "புள்ளையக் கூட்டியாரப் போயிருக்குதுங்க. நான் வீட்டுக்காரருங்க."

"ஓ, நல்லதாப் போச்சு சார். பன்னிரண்டு லட்சம்வரை பேசி வச்சிருக்கேன். அவங்க ஒத்துக்குவாங்கதானே? நீங்களும் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்களேன்."

பன்னிரண்டு! மோகன்ராஜ் மனதுக்குள் வீட்டுக் கடன் தவணையைக் கட்டிவிட்டு மீதிச் சில்லறையையும் வாங்கிவிட்டான். 'சரிங்க மேடம்' என்ற வார்த்தை நாக்கு நுனியில் வந்து நின்றது. அப்போது அவன் கண் மேசையில் இருந்த டம்ளரில் பட்டது. புதன்கிழமை அவள் அட்டைமேல் வைத்தது அல்ல, அவனே சற்று முன் குடித்துவிட்டு வைத்தது. ஆனாலும் டம்ளர் டம்ளர்தானே.

"அதை அவிங்கதானுங்க சொல்லோணும். வேலை செய்யப் போறது அவிங்க."

சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டான். அனுசுயா சும்மா இருந்தாள். இவனும் சும்மா இருந்தான். நெற்றியில் வேர்த்தது. ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டான். பிறந்ததிலிருந்து அவன் செய்த வேலைகளிலேயே கடினமான வேலை அதுதான். கேட் திறக்கும் சத்தம் கேட்டதும் போனைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

கவிப்பிரியா ஸ்பீக்கரில் போட்டாள். அனுசுயா பன்னிரண்டை மறுபடியும் சொன்னாள்.

"ரொம்ப நன்றிங்க மேடம். ஆனா நான் கேட்டதுக்குப் பதில் வரலீங்களே?"

மறுபடியும் அதே அமைதி. தரணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மோகன்ராஜ் அவள் பையைத் தோளிலிருந்து கழற்றிக்கொண்டு, "பொட்டாட்ட இரு கண்ணு, அம்மா பேசறாங்க," என்று காதில் கிசுகிசுத்தான்.

அனுசுயா பெருமூச்சு விட்டாள். "வேலைக்குத்தான் கவிப்பிரியா. பதினாலு. பன்னிரண்டுல முடிக்கப் பாருன்னு சொல்லியிருந்தாங்க, பார்த்தேன், முடியல. உங்க கேள்விக்கு எங்க டைரக்டருக்கே பதில் தெரியல." கொஞ்சம் தயங்கினாள். பேச்சிலிருந்த தேன் போய், சாதாரணக் குரல் வந்தது. "உங்க கேள்வியை நான் எடுத்துக்கலாமா? நானும் மதுரையில எங்க வீட்டிலிருந்துதான் வேலை பார்க்கிறேன். ஊருக்குத்தான் சம்பளம் தர்றாங்க."

"தாராளமா எடுத்துக்குங்க மேடம்," என்றாள் கவிப்பிரியா. "ஆனா ஒண்ணுங்க. கேட்டுட்டு அப்பறம் நீங்களாப் பேசீராதீங்க."

போனை வைத்ததும் அவள் படியிலேயே உட்கார்ந்து அழுதாள், சிரிக்கவும் செய்தாள். பிறகு சந்தேகத்தோடு நிமிர்ந்தாள்.

"நான் வர்றதுக்குள்ள நீங்க என்னங்க சொன்னீங்க?"

"ஒண்ணுமே சொல்லலை புள்ள. சத்தியமா."

"நீங்களா?" என்று வாயைப் பிளந்தாள். அந்த ஆச்சரியத்தைக் காட்டிலும் பெரிய பாராட்டு அவனுக்கு எந்த முதலாளியிடமும் கிடைத்ததில்லை.

அன்று இருட்டும் நேரத்தில் மோகன்ராஜ் வேலாத்தாளிடம் காய் வாங்கப் போனான். தக்காளி, கத்தரிக்காய், வழக்கம்போல் எடை போட்ட பிறகு ஒரு கட்டுக் கொத்தமல்லி. அந்த அம்மாளும் வழக்கம்போல் சண்டைக்குத் தயாராக முந்தானையை இழுத்துச் செருகினாள். அவனோ அவள் சொன்ன விலையைக் கொடுத்து, மல்லிக்கும் தனியாகக் காசை எடுத்து வைத்தான்.

வேலாத்தாள் காசையும் பார்த்தாள், அவனையும் பார்த்தாள்.

"ஏன் கண்ணு," என்றாள் கவலையோடு, "ஒடம்பு கிடம்பு செரியில்லையா?"