இஞ்சாருங்கோ

முரசுமோட்டையில் காடு வெட்டிக் குடியேறிய நாலாம் வருடம், ஐம்பத்தேழோ ஐம்பத்தெட்டோ, ஒரு நாள் காலையில் என் புருஷனோடு பேசுவதில்லை என்று முடிவெடுத்தேன். பின்னே என்ன? நான் அரைத்த சம்பலோடு பிட்டை விழுங்கிக்கொண்டே, "என்ரை அக்கான்ரை கைப்பக்குவம் ஆருக்கும் வராது" என்றால் எந்தப் பெண்சாதிக்குப் பொறுக்கும்? அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. தேத்தண்ணி இருக்கிறது என்று நான் கோழியிடம் சொன்னேன். வேண்டாம் என்று அவரும் கோழியிடமே சொல்லிவிட்டு, மண்வெட்டியோடு வயலுக்குப் போய்விட்டார்.

விரால் குழம்பு கொதித்து இறங்கும்போது என் கோபமும் இறங்கிவிட்டது. பாவம், தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போன மனுஷன். ஆனாலும் முதலில் நான் வாய் திறப்பதா? சோற்றை வரம்பில் வைத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று போனேன்.

அவர் குனிந்து வரம்பு கட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், காட்டுக்கரையிலிருந்து தனிக் காட்டெருமை ஒன்று தலையைத் தாழ்த்திக்கொண்டு ஓடி வந்தது.

"இஞ்சாருங்கோ!"

பக்கத்து வயல் மயில்வாகனம் நிமிர்ந்தார். அதற்கப்பால் கதிர்காமநாதன் நிமிர்ந்தார். அவரவர் பெண்சாதி கூப்பிடுவதும் அப்படித்தானே! நிமிர வேண்டிய மனுஷன் மட்டும் நிமிரவில்லை.

"இஞ்சாருங்கோ! இஞ்சை பாருங்கோ!"

ம்ஹூம்.

"தில்லைநாதன்! ஐயோ, தில்லைநாதன், ஓடுங்கோ!"

கலியாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் ஒருநாளும் நான் சொல்லாத பெயர். எங்களில் எந்தப் பெண் புருஷன் பெயரைச் சொன்னாள்?

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். ஒரே பாய்ச்சலில் வரம்போரத்துப் பாலை மரத்தில் ஏறிவிட்டார். எருமை அவர் நின்ற இடத்தை உழக்கிக்கொண்டு அப்பால் போயிற்று. மற்ற இருவரும் கூக்குரலிட்டு அதைத் துரத்தினார்கள். நான் வரம்பிலேயே இருந்து அழுதேன்.

இறங்கி வந்தவரைப் பிடித்து உலுப்பினேன்.

"காது செவிடோ உங்களுக்கு?"

"கேட்டதப்பா. மயில்வாகனத்தின்ரை பெண்சாதி எண்டு நினைச்சன். நீர்தான் என்னோடை கதைக்கிறேல்லையே."

என் வீம்பல்லவா இந்த மனுஷனைக் கொன்றிருக்கும்!

"இனிச் சண்டை எண்டாலும் கதைச்சுக்கொண்டுதான் பிடிப்பன்," என்றேன்.

அன்று பின்னேரமே அதற்கு வேளை வந்தது. கிணற்றடியில் நின்றுகொண்டு, "எங்கை, இன்னொருக்கா என்ரை பேரைச் சொல்லும் பாப்பம்," என்று பல்லைக் காட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விளக்கேற்றும்வரை வாய் ஓயாமல் ஏசினேன். மனுஷன் முகமெல்லாம் சிரிப்பாக, ஒரு சொல்லும் தவறவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.