முதல் பக்கத்துப் படம்

மேரிஜோசப்பின், படச்சட்டத்தின் பின்புறத்து ஆணிகளைக் கத்தி நுனியால் ஒவ்வொன்றாக நெம்பிக்கொண்டிருந்தாள். குசினியில், அடுப்படி நிலத்தில் கால்களை நீட்டி உட்கார்ந்து, சட்டத்தைக் கவிழ்த்து மடியில் வைத்திருந்தாள். முன் விறாந்தையில், சவப்பெட்டிக்குள், அவளுடைய மகள் அன்ரனிட்டா கிடந்தாள். சுற்றியிருந்த பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன செய்யிறீர் யோசப்பின்?" கணவனின் தமையன் பஸ்ரியாம்பிள்ளை குசினி வாசலில் வந்து நின்றார். "இப்பதான் ரவுணிலயிருந்து கொண்டந்தனான். ஸ்ரூடியோக்காரன் மினக்கெட்டுச் செய்தவன்."

"வடிவாத்தான் செய்திருக்கிறான் அத்தான். ஆனா இது ஆரெண்டு எனக்குத் தெரியேல்லை."

கண்ணாடிக்குள் இருந்தது அன்ரனிட்டாவின் தலைதான். அடையாள அட்டைக்கு எடுத்த படத்திலிருந்து வெட்டிய தலை. கழுத்துக்குக் கீழே வேறு யாரோ ஒரு பெண்ணின் உடம்பு: சிவப்புப் பட்டுச் சேலை, அட்டியல், இரண்டு கையிலும் காப்பு. பின்னால் ஒரு நீர்வீழ்ச்சி. உதட்டுக்கும் நிறம் தீட்டியிருந்தார்கள். ஊரில் பாதி வீடுகளில் செத்தவர்கள் இப்படித்தான் சுவரில் இருந்தார்கள். ஆயுள் முழுக்கக் கடலுக்குப் போன மனிதர்கள் கோட்டும் கழுத்துப்பட்டியுமாய். மேரிஜோசப்பினின் தகப்பனும் அப்படித்தான். அவர் வெற்றுடம்போடு வலை இழுத்தது அவளுக்குத் தெரியும்; ஆனால் இப்போது கண்ணை மூடினால் கோட்டுப் போட்டவர்தான் வருகிறார்.

அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"கம்பஸில படிச்ச பிள்ளை. சேர்மார் வருவினம். சேலையோட இருந்தாத்தானே மரியாதை?" என்றார் பஸ்ரியாம்பிள்ளை.

மற்ற எல்லாவற்றிலும் அவள் விட்டுக்கொடுத்திருந்தாள். கன்னிப் பெண் என்றபடியால் வெள்ளை உடுப்பும் வலை முக்காடும் தலையில் பூமுடியும் வேண்டும் என்றார்கள், ஓம் என்றாள். பெரியாஸ்பத்திரியில் காய்ச்சலோடு கிடந்து செத்தவளின் உலர்ந்துபோன உதட்டுக்கு எண்ணெய் பூசவேண்டும் என்றார்கள், ஓம் என்றாள். உடம்பு அவர்கள் கேட்டபடி ஆகட்டும். முகத்தை விட அவளால் ஏலாது.

கடைசி ஆணி கழன்றது. சேலைக்காரியை வெளியே உருவி, மடியாமல் அம்மிக்குமேல் வைத்துவிட்டு, வெறும் சட்டத்தோடு எழுந்து மகளின் அறைக்குப் போனாள். பஸ்ரியாம்பிள்ளையும் பின்னால் வந்தார்.

அறைக்குள் நிலக்சனா நின்றாள். அன்ரனிட்டாவோடு ஒரே வகுப்பு; காலையில் மற்றப் பிள்ளைகளோடு பஸ்ஸில் வந்தவள். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுவர் முழுக்கக் கடதாசிகள். கம்பஸில் கொம்பியூட்டர் கிடைப்பதே அபூர்வம். அதனால் இன்ரநெற்றில் போடவேண்டிய பக்கங்களை அன்ரனிட்டா வீட்டுச் சுவரில் ஒட்டித்தான் திட்டம் போட்டாள். ஒரு கடதாசி ஒரு பக்கம். எந்தப் பக்கத்தை அமர்த்தினால் எந்தப் பக்கம் திறக்கும் என்பதற்குத் தகப்பனின் தூண்டில் நூலை இழுத்துக் கட்டியிருந்தாள். 'புவியியல், மூன்றாம் வருடம், 2008.' 'எங்கள் கிணறுகள்', அதில் ஒழுங்கை ஒழுங்கையாகக் கீறிய வரைபடம். 'நல்ல தண்ணீரும் சவர்த் தண்ணீரும்.' 'நான் விட்ட பிழைகள்.'

பிழைகளுக்கும் ஒரு பக்கம் என்று மகள் சொன்னபோது மேரிஜோசப்பினுக்கு விளங்கவில்லை.

"பிழையை மறைக்காமல் ஏனடி ஊருக்குக் காட்டுறாய்?"

"மாரியில பாத்திட்டு நல்ல தண்ணியெண்டு எழுதிப்போட்டன் அம்மா. வெயிலுக்குப் போய்ப் பாத்தா ஒரே உப்பு. அதைச் சொல்லாட்டி நான் என்ன படிச்சனான்?"

ஒரு பின்னேரம் நிலத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்துகொண்டு கேட்டாள்: "ஒராள் என்ர பக்கத்தைத் திறந்தா முதல் எதைப் பாக்க வேணும்?"

"சேலை கட்டின படம் ஒண்டு எடுத்துப் போடன்."

"இது மாப்பிள்ளை பாக்கிற பக்கம் இல்லையம்மா."

அன்று தாயும் மகளும் சிரித்த சிரிப்பில் கணவன் யாக்கோப்பு வெளியிலிருந்து என்னவென்று கேட்டிருந்தார். பதில் சொல்ல இருவராலும் முடியவில்லை.

பிறகு முதல் கடதாசியில் அவள் ஒட்டியது, நிலக்சனா கமராவால் எடுத்த படம். கிணற்றுக்கட்டில் நிற்கிறாள். பாவாடைக்கு மேல் தகப்பனின் சேட், முழங்கைவரை சுருட்டி. ஒரு கையில் வாளி, மற்றதில் போத்தல். வாய்க்குள் வைத்த சவர்த் தண்ணீரைத் துப்பப்போகிற நொடி. கண்கள் இறுக மூடி, மூக்குச் சுருங்கி, முகம் முழுவதும் ஒரு பக்கமாய்க் கோணியிருந்தது.

"அன்ரி," என்றாள் நிலக்சனா. "சேர் சொன்னவர், நீங்கள் ஓமெண்டா நாங்கள் எல்லாரும் சேர்ந்து இதை முடிச்சு இன்ரநெற்றில ஏத்தலாமாம். அவவின்ர பேரில. திட்டம் முழுக்க இங்க இருக்குது. முதல் பக்கத்துக்கு மட்டும்... பெரியப்பா அந்தச் சேலைப் படத்தைப் போடட்டாம்."

"படத்தைப் போடுங்கோ. கிணறுகளை விடுங்கோ," என்றார் பஸ்ரியாம்பிள்ளை. குரலைத் தாழ்த்தினார். "எந்த ஒழுங்கையில எந்தக் கிணறெண்டு இந்தச் சண்டைக்குள்ள உலகத்துக்குக் காட்டுற காலமே இது? நாளைக்கு நேவி வந்து ஆர் கீறினது எண்டு கேட்டா ஆர் பதில் சொல்லுறது?"

"நான் சொல்லுறன். வீட்டிலதானே இருக்கிறன்," என்றாள் மேரிஜோசப்பின்.

"விசர்க்கதை கதையாதையும்."

"அவள் கீறினதெண்டு சொல்லுவன். வேணுமெண்டா சேமக்காலையில அவளின்ர குழியில போய்க் கேக்கச் சொல்லுவன்."

பஸ்ரியாம்பிள்ளை கெட்ட மனிதர் அல்ல. அவருடைய மூத்த மகனை ஒருமுறை விசாரணைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தவன் இப்போதும் கதவுப் பக்கம் முதுகைக் காட்டி இருக்கமாட்டான். அது மேரிஜோசப்பினுக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் அவள் சுவரிலிருந்து படத்தை மெல்ல உரிக்கத் தொடங்கினாள்.

யாக்கோப்பு வாசலில் நின்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அவர் யாரோடும் பேசவில்லை.

"நீயாவது சொல்லடா தம்பி," என்றார் பஸ்ரியாம்பிள்ளை. "பிள்ளையின்ர பெட்டிக்கு முன்னால இந்தக் கோலத்தையே வைக்கிறது?"

யாக்கோப்பு மனைவியின் கையிலிருந்த படத்தைக் கிட்ட வந்து பார்த்தார்.

"என்ர சேட்," என்றார்.

பிறகு தமையனைத் தாண்டி வெளியே போய், ஆண்களோடு கதிரையில் உட்கார்ந்துகொண்டார்.

மேரிஜோசப்பின் குசினிக்குத் திரும்பி வந்தாள். படத்தைச் சட்டத்துக்குள் வைத்து, மட்டையை மூடி, ஆணிகளை அம்மிக் குழவியின் முனையால் அடித்தாள். அந்தச் சத்தத்தில் விறாந்தையில் செபம் தடுமாறியது. யாரோ ஒருத்தி "அருள் நிறைந்த" என்று தொடங்கி நிறுத்தினாள். மேரிஜோசப்பின் நிறுத்தவில்லை. எல்லா ஆணியும் இறங்கும்வரை அடித்தாள்.

படத்தைத் தலைமாட்டில் வைத்தபோது பஸ்ரியாம்பிள்ளையின் மனைவி கிறேஸ் முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

"சனம் சிரிக்குமடி யோசப்பின்."

"சிரிக்கட்டும் அக்கா. தண்ணியின்ர உப்பு விளங்கட்டும் எண்டுதான் அவள் இதை முதல் வைச்சவள்." பிறகு நிலக்சனாவைத் திரும்பிப் பார்த்தாள். "எல்லாக் கடதாசியையும் கழட்டிக்கொண்டு போம் பிள்ளை. கிணறு ஒண்டும் விடாதையுங்கோ. பிழைகளையும்."

நிலக்சனா தலையாட்டினாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

பின்னேரம் சுவாமியார் வந்து செபம் சொன்னார். பெட்டியை மூடித் தூக்கினார்கள். படத்தைக் குடும்பத்து ஆண்பிள்ளை ஒருவன் முன்னால் கொண்டுபோவதுதான் வழமை. பஸ்ரியாம்பிள்ளை தன் இளைய மகனைக் கூப்பிட்டார். மேரிஜோசப்பின் படத்தை அவனிடம் கொடுக்கவில்லை. பெண்களின் வரிசையை விட்டு முன்னுக்கு வந்து, சிலுவைக்குப் பின்னால் நின்றாள். சுவாமியார் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு நடக்கத் தொடங்கினார்.

கோயில் வீதி வளைவில் நேவியின் காவலரண் இருந்தது. செத்த வீட்டு ஊர்வலங்களை அவர்கள் மறிப்பதில்லை; எண்ணுவார்கள். எல்லோரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு அந்த இடத்தைக் கடந்தார்கள். மண்மூடைக்குப் பின்னால் நின்ற சிப்பாய்க்கு அன்ரனிட்டாவின் வயதுதான் இருக்கும். அவன் பார்வை படத்தில் விழுந்தது. அவனுடைய மூக்கு, தன்னையறியாமல், மெல்லச் சுருங்கியது. உடனே முகத்தை நேராக்கிக்கொண்டு அவளைப் பார்த்தான்.

மேரிஜோசப்பின் நிலத்தைப் பார்க்கவில்லை. சட்டத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, அதே நடையில், அவனைத் தாண்டிப் போனாள்.